வெட்டிய பத்தி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறாளா? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் யார் கூப்பிட்டாலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழ வேண்டாம். அதனால்தான் இந்த மெயில்.

நான் உங்கள் வீட்டில் இருந்த வாரம் இங்கே ஒரு விபத்து நடந்துவிட்டது. என் ஒர்க்‌ஷாப்புக்குக் கீழே கடை வைத்திருக்கும் டெய்லரை உனக்குத் தெரியும், உன் மகளுக்குப் பாக்கெட் வைத்த கவுன் தைத்துக் கொடுத்தவள். மதியச் சாப்பாட்டைச் சூடாக்க அவள் கடையில் ஒரு மைக்ரோவேவ் இருக்கிறது. அது சூடாகவில்லை. மேலே வந்து பார்த்திருக்கிறாள், என் ஷட்டர் பூட்டியிருந்தது. சரி, மெக்கானிக்தான் எழுதி வைத்திருக்கிறாளே என்று நம் 'கழற்றிப் பார்' வலைப்பதிவைத் திறந்து, ஃபியூஸ் மாற்றுவது எப்படி என்று நான் எழுதியதைப் படித்துக்கொண்டே மூடியைக் கழற்றியிருக்கிறாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்தாள். ஆனால் உள்ளே இருந்த கெபாசிட்டரில் கை பட்டுவிட்டது. தூக்கி அடித்ததில் ஸ்டூலோடு விழுந்து கிடந்தாளாம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையில் இரண்டு விரல் வெந்துபோயிருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வந்து நின்றார். "உங்க பேரு போட்டிருக்குன்னு நம்பித்தானே தொட்டா? கரண்டு உள்ளயே தங்கியிருக்கும்னு ஒரு வார்த்தை எழுதினா கை தேஞ்சிடுமா உங்களுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினார். 

தம்பி, அந்த எச்சரிக்கையை நான் எழுதினேன் என்றுதான் எனக்கு நினைவு. அதற்கென்று ஒரு பத்தியே எழுதினேன். ஆனால் தளத்தில் போய்ப் பார்த்தால் இல்லை. எழுத நினைத்துவிட்டு எழுதாமல் அனுப்பிவிட்டேனா? எல்லாருடைய பதிவும் உன் கை வழியாகத்தானே உள்ளே போகிறது, நான் அனுப்பியதைக் கொஞ்சம் பார்த்துச் சொல். அதைவிட முதலில், எச்சரிக்கையை இன்றைக்கே சேர்த்துவிடு.

கவலையுடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானை இருமலோடு வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். அம்மா தைலத்தைத் தேய்க்கிறாள், ஆனால் இடது காலுக்கு மட்டும். வலது கால் கோபித்துக்கொள்ளாதா என்று பெரியவள் கேட்டால், "அது சொன்னபடி கேக்கும்" என்கிறாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீசில் கையேடுகள் எழுதும் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கும் பேச்சு நடக்கிறது. நாம் இத்தனை பேர் சேர்ந்து நடத்தும் வலைப்பதிவை மேலாளரிடம் காட்டியிருந்தேன். ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்த்துச் சேர்க்கும் முறை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டெய்லர் விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டேன், இப்போது பார். வேலை அவசரத்தில் இப்படி ஒன்றிரண்டு விட்டுப்போவது யாருக்கும் சகஜம். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எழுத்தில் மட்டும் யாரிடமும் மன்னிப்பு, கின்னிப்பு என்று கேட்டு வைக்காதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவளின் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், அடுத்த முறை வரும்போது பார்க்க வேண்டும். உன் பதவி விஷயம் நல்லபடியாக முடியட்டும்.

நீ மன்னிப்புக் கேட்காதே என்றாய். நான் கேட்டுவிட்டு வந்துவிட்டேன், எழுத்தில் இல்லை, நேரில். டெய்லருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். தோல் மூடிவிட்டது, ஆனால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உணர்ச்சி இல்லை. வருமா என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறாராம். அவள் எப்படித் தைப்பவள் தெரியுமா? துணியை இரண்டு விரலால் தேய்த்தே இது சுருங்கும், இது சுருங்காது என்று சொல்லிவிடுவாள். இப்போது தையல் மெஷினில் துணி மடிந்து உள்ளே போவதே தெரியவில்லை. என் கண் முன்னாலேயே ஒரு காலரை இரண்டு முறை பிரித்தாள்.

"நான் எழுத மறந்துட்டேன், என் தப்புதான்" என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "மெக்கானிக்கே, நீ மறக்கிற ஆளு இல்லையே" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம், வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. உன் அத்தான் பயந்துபோய்ப் பால்கனியில் உட்கார்ந்துகொண்டார்.

எச்சரிக்கையைப் பார்த்தேன். போதாது. புதிதாகப் படிப்பவனுக்கு அது முதலிலிருந்தே இருந்த மாதிரி தெரிகிறது. பழைய பதிவைப் படித்துக் காகிதத்தில் எடுத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ? பதிவின் உச்சியில் ஒரு அறிவிப்புப் போடு: இது முன்பு எச்சரிக்கை இல்லாமல் வெளிவந்தது, அதை நம்பித் தொட்ட ஒருவருக்குக் கை போயிற்று, அச்செடுத்த பழைய படியை வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடுங்கள் என்று. என் பெயரைப் போட்டே எழுது. எனக்கு வெட்கமில்லை.

அம்மாவுக்கு என் அன்பு. அவளிடம் ஒன்றும் சொல்லாதே.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம், நாங்களும் நலம்.

அறிவிப்பு வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு பதிவில் அப்படிப் போட்டால் மொத்தத் தளத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். சித்தப்பா பிள்ளைகள் கஷ்டப்பட்டு எழுதிய சைக்கிள், கடிகாரப் பதிவுகளுக்கும் கெட்ட பெயர். மேலாளர் வேறு அடிக்கடி உள்ளே போய்ப் பார்க்கிறார். கொஞ்சம் பொறு. ஆறப்போட்டால் சரியாகிவிடும்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? இங்கே பரவாயில்லை.

ஆறப்போட என்னால் முடியவில்லை. அறிவிப்பை நானே எழுதிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பழைய லேப்டாப்பிலிருந்து அனுப்பப் பார்த்தால், போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. என் லேப்டாப்பில் இருக்கும் பிரதியின் வரலாறும் தளத்தில் இருக்கும் பிரதியின் வரலாறும், அதாவது யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற கணக்கு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையாம். டிசம்பரில் கடைசியாகத் தளத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன், அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை, எதையும் தொடவும் இல்லை. என்ன செய்ய வேண்டும்?

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை! தளத்தில் பழைய குப்பைகளைக் கொஞ்சம் சுத்தம் செய்தேன், அதனால்தான். உன் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டு, புதிதாக ஒரு பிரதியை இறக்கிக்கொள். மறக்காமல் முதலில் அழித்துவிடு. இரண்டும் இருந்தால் குழம்பிவிடுவாய். அறிவிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அத்தான் இருமல் எப்படி? ஒர்க்‌ஷாப்பில் வேலை நிறைய வருகிறதா? நீ ரொம்ப இளைத்துவிட்டாய் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் அன்புத்
தம்பி


ஏப்ரல் 22

உனக்கு,

போன முறை பதில் வர மூன்று வாரம். அதற்கு முந்தியும் மூன்று வாரம். இந்த முறை மறுநாளே வந்துவிட்டது, சாப்பிட்டாயா என்ற விசாரிப்போடு. என்ன அவசரம் உனக்கு?

புதுப் பாகம் ஓடும்வரை பழைய பாகத்தை நான் தூக்கிப் போடுவதில்லை. இத்தனை வருஷம் மெஷின் பிரிக்கிறவள். ஃபோல்டரை அழிக்கவில்லை. திறந்து பார்த்தேன். இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். "அக்கா, இதுல யாரு எந்த வரிய எப்ப மாத்துனாங்கன்னு எல்லாம் நிக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயும் முழு வரலாறும் இருக்கும். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது" என்று என் அடுப்படி மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாய். சொன்ன நீயே மறந்துவிட்டாய்.

நான் அனுப்பியதில் பத்தி இருக்கிறது. "பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளையே கொல்லும், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் தொடவே வேண்டாம், என்னைப் போல யாரையாவது கூப்பிடுங்கள்" என்று எட்டு வரி. அதற்கு அடுத்த மாற்றம் உன் பெயரில். அந்த எட்டு வரியும் இல்லை. ஏன் மாற்றினாய் என்று எழுத ஒரு இடம் இருக்கிறதே, அதில் நீ எழுதி வைத்திருப்பது இது:

"அக்கா ரொம்ப அறுக்கறா. ஒரு பத்தி அவுட்."

இப்போது தளத்தில் இருக்கும் வரலாற்றைப் போய்ப் பார்த்தேன். அதில் நீயே இல்லை. முதலிலிருந்தே எச்சரிக்கை இல்லாமல் நான் எழுதி அனுப்பியதாகவும், பிப்ரவரியில் நானே நினைவு வந்து சேர்த்ததாகவும் இருக்கிறது. சுத்தம் செய்தாயாம்! உன் கையைச் சுத்தம் செய்துகொண்டு அழுக்குத் தண்ணீரை என் தலையில் ஊற்றியிருக்கிறாய்.

வெட்டியதைக்கூட விடுடா. எடிட்டர் என்றால் வெட்டத்தான் செய்வான், புத்தியில்லாமல் வெட்டிவிட்டாய். ஆனால் நான் கேட்டேன், எழுதினேனா இல்லையா, பார்த்துச் சொல் என்று. உனக்குத் தெரியும். மூன்று வாரம் கழித்து, "விட்டுப்போவது சகஜம்" என்று எழுதினாய். யாருக்கு விட்டுப்போயிற்று? நான் போய் அவள் முன்னால் நின்று, நான் செய்யாத தப்பை என் தப்பு என்றேன். அவள் நம்பவில்லை, தெரியுமா? என் தம்பியைவிட அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. 

என்னைப் போனில் கூப்பிடாதே. எடுக்க மாட்டேன்.


மே 25

அக்காவுக்கு,

எழுதுவதற்கு எனக்கு முகமில்லை. ஆனாலும் என் பக்கத்தையும் கேள்.

பயமுறுத்தும் பத்திகளை யாரும் படிப்பதில்லை, பாதியில் ஓடிவிடுகிறார்கள். எல்லாருடைய பதிவையும்தான் சுருக்கினேன், உன்னுடையதை மட்டுமில்லை. ஒருவருக்குக் கை போகும் என்று நினைத்தா வெட்டினேன்? பதிவு வெளியான பிறகு நீயும் ஒரு முறை படித்துப் பார்த்திருக்கலாமே. படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உன் மெயில் வந்தபோது பதவி விஷயத்தில் கடைசிச் சுற்று. மேலாளர் தளத்தின் வரலாறு முழுவதையும் பார்க்கப்போகிறேன் என்றார். அதில் அந்த வரி கிடந்தது. அக்காவைப் பற்றி நான் எழுதியதை அவர் படித்தால் என்று பதறிவிட்டேன். ஒன்றை மறைக்கப் போய் ஒன்று.

வேண்டுமானால் தளத்தையே மூடிவிடுகிறேன். யாருக்கும் பிரச்சினையில்லை. அம்மா தினமும், "அவ ஏன் உன்கிட்டப் பேச மாட்டேங்கிறா?" என்று கேட்கிறாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்காகவாவது ஒரு முறை பேசு.

தம்பி


ஜூன் 4

உனக்கு,

அம்மாவை நடுவில் இழுக்காதே. அவளோடு நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், எதிர்வீட்டுப் போனில். உனக்குத்தான் தெரியாது. நீ சொன்ன பொய்க்கு நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன், அது உன்மேல் இருக்கும் இரக்கத்தால் இல்லை, அவள் ரத்தக் கொதிப்பால்.

வெளியானதை நான் படிக்கவில்லை என்றாய். ஆமாம், படிக்கவில்லை. என் தம்பி கையில் கொடுத்தோம், இனி ஒன்றும் ஆகாது என்று திரும்பிப் பார்க்காமல் வேலையைப் பார்க்கப் போனேன். இதைக் குத்திக்காட்ட உனக்கு வாய் வருகிறது பார், அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

மூடிவிடுகிறாயாம். மூடினால் அவள் விரல் சரியாகிவிடுமா? பழைய படியை எடுத்து வைத்திருப்பவனுக்கு யார் சொல்வது? உன் மேலாளருக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நானும் கேட்கிறேன், இந்தக் கதையில் இதுவரை டெய்லரைப் பற்றி நீ ஒரு வரி விசாரித்தாயா? உன் மெயில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். "கேட்டு வருத்தமாக இருந்தது." முடிந்தது.

நீ செய்ய வேண்டியது இரண்டு. பழைய வரலாற்றை இருந்தபடியே திரும்ப வை, அந்த அறுக்கிற வரியோடு. இரண்டாவது, ஒரு பதிவு எழுது. உன் பெயரில். வெட்டியது நான், மறைத்தது நான், இன்னாருக்கு இப்படி ஆயிற்று என்று. எழுதி, நேராக உள்ளே போடாமல் எனக்கு அனுப்பு. இத்தனை நாள் நீ பார்த்துச் சேர்த்தாய், இதை நான் பார்த்துச் சேர்க்கிறேன்.

மாட்டேன் என்றால் என்னிடம் இருக்கும் பிரதியை நானே வேறு இடத்தில் ஏற்றிவிடுவேன். எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டேன். சித்தப்பா பிள்ளைகளிடமும் பழைய பிரதிகள் இருக்கின்றன, எத்தனை வீட்டுக்குப் போய் அழிக்கச் சொல்வாய்?

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

வரலாற்றைத் திரும்ப வைத்துவிட்டேன். பதிவை எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ சேர்த்தால்தான் வெளியே வரும்.

மேலாளரிடம் நானே போய்க் காட்டினேன். படித்துவிட்டு, சரி, போங்கள் என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். என்னோடு பேச்சு இல்லை. தைலம் வேண்டுமென்றால் மட்டும் கையை நீட்டுகிறாள்.

டெய்லர் எப்படி இருக்கிறார்?

தம்பி


ஜூலை 23

தம்பிக்கு,

உன் பதிவைப் படித்தேன். வெட்டினேன் என்று எழுதியிருக்கிறாய், மறைத்தேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடங்களில் நான் கை வைக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. உன் பெயரைத் திரையில் பார்த்தாலே சுர்ரென்று ஏறுகிறது. ஆனாலும் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் படிக்காமல் சேர்ப்பது சரியில்லை என்று தோன்றியது. மேலே கூட்டி வந்து ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்தாயே, "இதன் காரணமாக ஒரு வாசகருக்குச் சிறு காயம் ஏற்பட்டது, அவர் தற்போது நலமாக உள்ளார்" என்று. அங்கே நின்றுவிட்டாள்.

"சிறு காயம்னு யாரு சொன்னது?" என்றாள்.

"அவன்தான்."

"உன் தம்பி என் கையப் பாத்தாரா?"

"இல்ல."

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் நான் எடுத்துக்கலாமா, மெக்கானிக்கே?"

எடு என்றேன். அழிக்க எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். பழக்கத்தில் ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. பட்டன் கீழே போனதா இல்லையா என்று குனிந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் 'சிறு' போயிற்று, அதற்கு முன்னால் இருந்தது போயிற்று, அந்த வரி, அதற்கு மேல் வரி, பத்தி முழுக்க ஓடி மறைந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயோ, எல்லாம் போச்சே" என்று கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் திரும்ப வந்திருக்கும். கையைக் கொண்டுபோனேன். பிறகு தட்டவில்லை. அப்படியே சேமித்து உனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் லேப்டாப் என்பதால் அழித்தது நான் என்று பதிவாகியிருக்கும், இதற்கு என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதை என்னிடம் கேட்காதே. வண்டி ஏறி வா, கீழ்க்கடையில் அவள் எதிரில் உட்கார், ஒரு காலரை அவள் எத்தனை முறை பிரிக்கிறாள் என்று பார். பார்த்துவிட்டு அந்தப் பத்தியை எழுது. அதுவரை நான் சேர்க்க மாட்டேன்.

அக்கா